கண்ணாடியிழைப் படகும் அதன் மேனியும்

கொல்கத்தாவின் தென்பகுதியாகிய லேக் கார்டன்ஸில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் காலை நடைக்கு வேறிடம் தேட வேண்டுவதில்லை. பட்ஜ்பட்ஜ் செல்லும் இருப்புப்பாதையைக் கடந்து வடக்கே சென்றால் ரவீந்திர சரோவர் ஏரி விரிந்து கிடக்கிறது. சதுப்பும் புதருமாய்க் கிடந்த 192 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தி, 1920-களில் நகர மேம்பாட்டு டிரஸ்டார் தோண்டுவித்த ஏரி இது. அதன் நீர்ப்பரப்பு மட்டும் 73 ஏக்கர். டாக்குரியா ஏரி என்று முன்னர் வழங்கிய இதற்கு 1958-இல் கவியரசர் தாகூரின் பெயரைச் சூட்டினர். லேக் மார்க்கெட்டில் காப்பித் தூளும் வாழையிலையும் வாங்கித் திரும்பும் நம்மவர் இதன் கரையில் சற்றே நின்று, நீண்டு மெலிந்த பந்தயப் படகுகள் நீரைக் கிழித்துச் செல்வதைக் காண்பதுண்டு. 1858-இல் தோன்றிய கல்கத்தா ரோயிங் கிளப் முதலிய சங்கங்களின் படகுகள் அவை. அண்மைக் காலத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளும் துடுப்புப் பிடிக்கக் கற்று வருகின்றனர். ஆதலின் அப்படகுகளின் மேனியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நமக்குப் பொருந்தும்.

மரப்படகுகளின் காலத்தில் இக்கவலை வேறு வகையாக இருந்தது. வங்காளத்து நாட்டுப்படகுகளுக்குக் 'காப்' என்னும் காயின் துவர்ப்புச் சாற்றைப் பூசி மரத்தைக் காத்தனர். நம் நாட்டில் பனிச்சை என்று வழங்குவது அம்மரந்தான். சோழமண்டலக் கரையிலோ மீனெண்ணெயைத் தடவி வள்ளங்களைப் பேணினர். இவையெல்லாம் மரத்தினுள் ஊறி நிற்கும் காப்புகள். தேய்ந்தால் மீண்டும் தடவலாம். எத்தனை முறை தடவினாலும் மரத்திற்குக் கேடில்லை.

கண்ணாடியிழைப் படகின் கதை அவ்வாறன்று. 1942-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ரே கிரீன் என்பார் இவ்வகையிற் செய்த சிறிய பாய்ப்படகை முன்னோடியாகக் கூறுவர். படகு பிறக்கும் முறையை அறிந்தால் அதன் மேனியின் இயல்பு தெளிவாகும். படகின் வடிவுக்கு ஏற்ற அச்சு ஒன்றைச் செய்து, அதன் உட்புறத்தில் முதற்கண் வண்ணம் கலந்த பிசினைத் தெளிக்கின்றனர். இதனை 'ஜெல்கோட்' என்பர். அது சற்று இறுகியபின் கண்ணாடியிழைப் பாய்களை அடுக்கிப் பாலியெஸ்டர் பிசினால் நனைத்து உருளைகொண்டு அழுத்துகின்றனர். முதலில் தோல், பிறகு சதை, இதுவே வரிசை. அச்சிலிருந்து பிரித்தெடுத்தால் தோல் வெளிப்புறமாய்ப் பளபளவென்று நிற்கும். அத்தோலின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். நம் விரல் நகத்தின் கனத்திற்கு அது பெரிதும் மிகுந்ததன்று. நகமாவது வளரும், இது வளராது.

இந்த அரை மில்லிமீட்டரை எப்படிச் செலவிடுவது என்பதே படகு பேணுவோர் முன் நிற்கும் கேள்வி. கழுவுதல், தேய்த்தல், மெழுகிடுதல் ஆகிய மூன்றையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். கழுவுதல் அழுக்கை நீக்குகிறது. மெழுகு ஒரு மெல்லிய போர்வையைச் சேர்க்கிறது. தேய்த்தலோ தோலையே கரைக்கிறது. முதலிரண்டும் அடிக்கடி செய்யத்தக்கவை. மூன்றாவது மிக அரிதாகச் செய்யத்தக்கது.

இதனை நாங்கள் பட்டறிந்தே கற்றோம். ஏரிக்கரைச் சங்கம் ஒன்றில் சிறுவர்கள் பழகுவதற்கென்று நால்வர் ஓட்டும் பழைய படகு ஒன்று இருந்தது. கொட்டகையின் வெளித் தட்டில் கிடந்தமையால் அதன் ஒரு பக்கம் வெயிலில் வெளுத்து, தொட்டால் கையில் நீறு போல ஒட்டியது. போட்டிக்கு முன் அதனைப் புதிதாக்க எண்ணி, ஓர் ஞாயிற்றுக்கிழமை முழுதும் முரட்டுக் காம்பவுண்டை இட்டு இயந்திரத்தால் தேய்த்தோம். மாலையில் படகு கண்ணாடி போல் ஒளிர்ந்தது. பெற்றோர் அனைவரும் பாராட்டினர். படகுக் கொட்டகையைக் காக்கும் முதியவர் மட்டும் ஒன்றும் பேசாமல் முன்முனையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சென்றார். அவரைப் பிள்ளைகள் 'காக்கா' என்றழைப்பர். வங்காளத்தில் சிற்றப்பனுக்கு அப்பெயர். தமிழ்ப் பிள்ளைகள் முதல் வாரம் அதைச் சொல்லிச் சிரிப்பதும், மறுவாரம் பழகிப்போவதும் வழக்கம்.

இரண்டு திங்கள் கழித்து முன்முனையிலும் அடிவிளிம்பிலும் சாம்பல் நிறத் திட்டுகள் தோன்றின. உற்றுநோக்கியபோது இழைகளின் பின்னலே தெரிந்தது. வளைவும் விளிம்பும் உள்ள இடங்களில் இயந்திரத்தின் அழுத்தம் முழுதும் ஒரு கோட்டில் விழும். அங்கே தோலைத் துளைத்துவிட்டிருந்தோம். மழைக்காலத்தில் அத்திட்டுகளின் வழியே நீர் ஊறிப் படகு கனத்தது. எட்டுப் பேர் படகுக்குக் குறைந்த அளவு எடை 96 கிலோ என்றும், ஒருவர் படகுக்கு 14 கிலோ என்றும் உலகப் படகோட்ட விதிகள் வரையறுக்கும் விளையாட்டு இது. இதில் ஊறிய நீரின் ஒவ்வொரு கிலோவும் பிள்ளைகளின் தோளில் ஏறுகிறது. படகை உலர்த்தி, மீண்டும் பூச்சிட்டு முடிக்கும் வரை அது நீரில் இறங்கவில்லை. அவ்வாண்டு பழக வந்த சிறுவர் நால்வர் முறை வைத்துக் கரையில் உட்கார்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவன் பிறகு வரவேயில்லை.

இனிச் செய்முறையைக் காண்போம். ஓடி முடித்த படகை அன்றே நல்ல தண்ணீரால் கழுவுதல் முதற்கடன். ஏரிநீர் உப்பற்றதாயினும் பாசியும் நுண்சேறும் நீர்க்கோட்டில் படிந்து, உலர்ந்தால் பிடிவாதமாக ஒட்டும். மென்மையான துணியும் மெல்லிய சோப்புநீரும் போதும். பாத்திரம் துலக்கும் தூளும், தேங்காய் நாரும், இரும்பு நாரும் படகின் அருகே வரலாகாது. அவை இடும் நுண்கீறல்களில் அடுத்த நாளின் அழுக்கு குடிபுகும். ஏரித் தீவு மரங்களில் தங்கும் நீர்க்காகங்களின் எச்சம் விழுந்திருந்தால் சுரண்டாமல், ஈரத்துணியைச் சிறிது நேரம் போர்த்தி ஊறவைத்துத் துடைக்க வேண்டும். உதிர்ந்த இலைகளின் பழுப்புக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம் கலந்த கறைநீக்கி பயன்படும். அது நஞ்சு, கையுறை வேண்டும், கழுவிய நீர் ஏரிக்குள் வடியாத இடமாகவும் பார்க்க வேண்டும். மீன்கள் வாழும் நீரில் நம் சோப்பைக் கொட்டுவது அழகன்று.

கழுவியபின் கறுப்புத் துணி ஒன்றால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் வெண்பொடி படிந்தால் தோல் 'நீறு பூக்க'த் தொடங்கிவிட்டது என்று பொருள். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் பிசினின் பிணைப்புகளை அறுத்து மேற்பரப்பைப் பொடியாக்குவதால் வரும் நிலை அது. இந்த நீற்றின்மேல் மெழுகிட்டால் சில வாரம் பளபளப்பு இருக்கும். பின்னர் மெழுகும் பொடியும் சேர்ந்து உரியும். ஆதலின் நீறு கண்டபோது மட்டும், அதுவும் மிக மென்மையான பாலிஷிலிருந்து தொடங்கி, உள்ளங்கை அளவு இடத்தில் முதலில் சோதித்துப் பார்த்துத் தேய்க்க வேண்டும். அது போதாவிட்டால்தான் அடுத்த முரட்டுத் தரத்திற்குச் செல்வது. கையால் தேய்த்தால் தோள் வலிக்கும்; அந்த வலியே அளவுக்கு மீறாமல் காக்கும் என்பது எங்கள் எண்ணம். இயந்திரம் வேண்டுமெனில் குறைந்த வேகத்தில், ஓரிடத்தில் நிறுத்தாமல், விளிம்புகளில் நாடா ஒட்டிக்கொண்டு செய்க. உப்புத்தாள் இட நேர்ந்தால் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். உலர்ந்த பொடி நுரையீரலுக்கு ஆகாது. மூக்குக்கவசம் இன்றி எவரையும் இவ்வேலையில் விடலாகாது. நாள் முழுதும் இதைச் செய்பவர் பெரும்பாலும் கூலிக்கு வருபவர். கேட்டுப் பெற அவர் தயங்குவார், நாமே வாங்கித் தருதல் வேண்டும்.

மெழுகைப் பற்றி ஒரு சொல். நல்ல படகு மெழுகுகளில் கலக்கும் கர்னாபா, பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில் படியும் பொருள். வறண்ட நிலத்தில் ஓலையின் ஈரம் போகாமல் காக்க அம்மரம் தானே பூசிக்கொள்ளும் பூச்சு அது. 80 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலேதான் உருகும் என்பதால் கொல்கத்தாவின் சித்திரை வெயிலையும் தாங்குகிறது. பனைநாட்டிலிருந்து வந்த நமக்கு இது கேட்க இனிமையான செய்தியன்றோ? இக்காலத்தில் செயற்கைப் பூச்சுகளும் கிடைக்கின்றன. அவை நெடுநாள் நிற்கும். ஆனால் சிலிகோன் கலந்த பாலிஷை வாங்குமுன் சிந்திக்க வேண்டும். பின்னர் அவ்விடத்தில் பழுதுபார்க்க நேர்ந்தால் புதுப் பிசின் அதன்மேல் ஒட்டாமல் கண்ணிட்டு விலகும்.

மெழுகை நிழலில், உலர்ந்த மேனியில், இரண்டு கை அகலம் அகலமாகப் பூச வேண்டும். மங்கலாய் உலர்ந்ததும் தூய துணியால் துடைக்க வேண்டும். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரு பூச்சுகள் மேல். கால் வைத்து நிற்கும் இடங்களில் மெழுகு படலாகாது, வழுக்கி விழுவர். மெழுகிட்டால் படகு விரையும் என்று நம்புவோர் உளர். நீர் முத்து முத்தாய் உருள்வது கண்ணுக்கு இனிதே. எனினும் விரைவைத் தருவது வழவழப்பும் தூய்மையுமே. நீரின் இயல்பையோ அடிப்புறத்தை ஒட்டியோடும் நீர்ப்படலத்தின் இயல்பையோ மாற்றவல்ல பொருள்களைப் பூசுவதை உலகப் படகோட்டக் கூட்டமைப்பு தன் விதியாலேயே தடுத்துள்ளது.

நீரிலேயே நாள்தோறும் மிதந்து நிற்கும் படகுகளுக்கு வேறொரு நோய் உண்டு. தோலின் வழியே மெல்லக் கசியும் நீர், உள்ளே இறுகாது எஞ்சிய பொருள்களைக் கரைத்து, மேலும் நீரை ஈர்த்துக் கொப்புளமாக எழும். குத்தினால் காடிமணம் வீசும் நீர் வடியும். பந்தயப் படகுகளைக் கரையேற்றி வைப்பதால் அவற்றுக்கு இவ்வச்சம் குறைவு. நம் தாயகக் கரையில் நிலைமை மேலும் வேறு. 1979-இல் தொடங்கிச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள விரிகுடாத் திட்டத்தார் கரையில் ஏற்றத்தக்க கண்ணாடியிழைப் படகுகளை வகுத்தனர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் 'பைபர் படகு' கட்டுமரத்தின் இடத்தைப் பெரிதும் பிடித்தது. நாகப்பட்டினத்து மீனவர்க்குப் பளபளப்பு ஒரு பொருட்டன்று. மணலில் இழுக்கும் ஒவ்வொரு நாளும் அடிப்புறத் தோல் தேய்கிறது. இழை தெரியுமுன் பாயும் பிசினும் இட்டு அவ்விடத்தைத் தடிப்பாக்குவதே அவர் அறிந்த பேணல். அங்கே தேய்வது ஒரு குடும்பத்தின் பிழைப்பு.

கொல்கத்தாவில் இவ்வேலைக்கு ஏற்ற காலம் கார்த்திகை முதல் தை வரை. வைகாசிக்குள் காலபைசாகிப் புயல் தூசியையும் சருகையும் அறைந்துவிடும். ஆனி தொடங்கி நான்கு திங்கள் காற்றே ஈரமாயிருப்பதால் மெழுகு உலராது. கொட்டகைக்குள் இருக்கும் படகுக்கு ஆண்டுக்கு இருமுறை மெழுகு போதும். வெளித் தட்டில் கிடப்பதற்கு மூன்று நான்கு முறை வேண்டும். இடம் இருந்தால் படகுகளை முறைமாற்றி உள்ளும் வெளியும் வைப்பது எல்லா மெழுகினும் மலிவான காப்பு. தார்ப்பாய் போர்த்தும்போது இறுகக் கட்டாமல் அடியில் காற்றோட விட வேண்டும். ஈரத்தைப் பூட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

எங்கள் பழைய படகு இப்போது உள் தட்டில் இருக்கிறது. போகிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் அதைக் கழுவி மெழுகிடுகின்றனர். காக்கா தம் கிழிந்த குடைத்துணியை எடுத்து வந்து முன்முனையில் ஒருமுறை துடைத்து, வெயிலில் விரித்துப் பார்க்கிறார். துணி கறுப்பாகவே இருந்தால் காம்பவுண்டு டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்.