பண்டாரநாயக்க: சமஷ்டியை முன்மொழிந்தவரும் ஒப்பந்தத்தைக் கைவிட்டவரும்

இலங்கைக்கு சமஷ்டி ஆட்சிமுறையே உகந்தது என 1926 ஆம் ஆண்டிலேயே பத்திரிகையில் எழுதியும் யாழ்ப்பாணத்தில் உரையாற்றியும் வாதாடியவர் ஒரு சிங்களத் தலைவர். ஒக்ஸ்போர்ட்டில் கற்றுத் திரும்பி ஓராண்டே ஆகியிருந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவே அவர். அக்காலத் தமிழ்த் தலைமைகள் அதில் அக்கறை காட்டவில்லை. தமிழரசுக் கட்சி தோன்றியது 1949 இல்தான்.

ஆங்கிலேய ஆளுநரின் பெயரைத் தாங்கி, மகாமுதலியாரின் மகனாக அங்கிலிக்கன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நாடு திரும்பிய பின்னரே சிங்களத்தில் மேடையேறப் பழகினார், பௌத்தத்தைத் தழுவினார், சிங்கள மகாசபையை அமைத்தார். எனினும், 1951 இல் அவர் ஆரம்பித்த ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி, சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகளாக வேண்டும் என்றே முதலில் கூறியது. 1955 இல் அந்நிலைப்பாடு கைவிடப்பட்டது. ஐக்கிய தேசியக் கட்சியும் 1956 பெப்ரவரியில் களனி மாநாட்டில் தனிச்சிங்களத்துக்கு மாறியது. கொள்கையைவிட வாக்குகளே இரு கட்சிகளையும் வழிநடத்தின என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பிக்குகள், சுதேச வைத்தியர்கள், ஆசிரியர்கள், விவசாயிகள், தொழிலாளர்கள் ஆகிய ஐம்பெரும் சக்திகளின் ஆதரவுடன் 1956 ஏப்ரலில் அவர் பிரதமரானார். ஜூன் மாதம் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர்கள் தாக்கப்பட்டனர்.

ஆயினும் மறு ஆண்டே, 1957 ஜூலை 26 ஆம் திகதி, அவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தார். வடக்குக்கு ஒரு பிராந்திய சபை, கிழக்குக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சபைகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிருவாகம் என்பன அதில் இடம்பெற்றன. குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் அதிகாரமும் அச்சபைகளுக்கு உரியதாயிற்று. இது சமஷ்டி அன்று. 1926 இல் அவரே கேட்டதைவிட மிகக் குறைவானது.

அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஜே.ஆர். ஜெயவர்தன கண்டிக்கு எதிர்ப்பு யாத்திரை தொடங்கினார். அது இம்புல்கொடையில் தடுத்து நிறுத்தப்பட்டது. 1958 இன் தொடக்கத்தில் வாகன இலக்கத் தகடுகளின் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைத் தமிழர்கள் வடக்கில் தார் பூசி அழிக்க, தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. ஏப்ரல் 9 ஆம் திகதி பிக்குகள் கொழும்பு ரொஸ்மீட் பிளேசிலுள்ள பிரதமரின் இல்லத்தை முற்றுகையிட்டனர். ஒப்பந்தம் கைவிடப்பட்டது என்று சொன்னால் போதாது, எழுத்தில் தரவேண்டும் என்றனர். அவரும் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதமே தமிழருக்கெதிரான வன்செயல்கள் வெடித்தன. அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்படும் வரை பல நாட்கள் கடந்தன. பலர் கொல்லப்பட்டனர், ஆயிரக்கணக்கானோர் அகதிகளாகக் கப்பலேற்றி வடக்குக்கு அனுப்பப்பட்டனர்.

தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தை 1958 ஆகஸ்டில் அவர் நிறைவேற்றினார். ஆனால், அதற்கான ஒழுங்குவிதிகள் வந்தது 1966 இல், டட்லி சேனநாயக்கவின் ஆட்சியில்தான். அதைக் காண பண்டாரநாயக்க இருக்கவில்லை. 1959 செப்டெம்பர் 25 ஆம் திகதி அதே இல்லத்தில் பிக்கு ஒருவர் அவரைச் சுட்டார். மறுநாள் அவர் இறந்தார். அச்சதியின் சூத்திரதாரியெனத் தண்டிக்கப்பட்ட களனி விகாராதிபதி புத்தரக்கித தேரர், 1956 வெற்றிக்காகப் பிக்குகளைத் திரட்டியவர்களுள் முதன்மையானவர்.

அவருடைய மகள் சந்திரிகா 2000 ஆகஸ்டில் அதிகாரப் பகிர்வு கொண்ட அரசியலமைப்பு வரைபைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்தபோது, ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினர்கள் அதன் பிரதிகளைச் சபையிலேயே எரித்தனர். கண்டி யாத்திரை சென்ற ஜெயவர்தனவோ, 30 ஆண்டுகள் கழித்து, 1987 இல், இந்தியாவுடன் ஒப்பந்தம் செய்து மாகாண சபைகளை ஏற்படுத்த நேர்ந்தது.