பணியாளர் கருத்தறிதலும் தக்கவைத்தலும்

பணியாளர் கருத்தறிதல் என்பது, வேலை, ஊதியம், மேற்பார்வை, பணியிட வசதி ஆகியவை பற்றிப் பணியாளர்கள் நினைப்பதை நிறுவனம் கேட்டறிந்து, அதற்கு விடை சொல்வதாகும். பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த விடைதான். குறையைக் கேட்டுவிட்டு முதலாளி பேசாமல் இருந்தால், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஊருக்குப் போனவர் திரும்பி வராதபோதுதான் செய்தி தெரியும்.

இதற்குத் துணிக்கடைகளே நல்ல எடுத்துக்காட்டு. தென்மாவட்டங்களிலிருந்து இளைஞர்கள் சென்னை தியாகராய நகர்க் கடைகளுக்கு வேலைக்குப் போவது நெடுநாள் வழக்கம். வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' (2010) திரைப்படம் அவர்களைப் பற்றியதே. நாள் முழுதும் நின்றபடி வேலை செய்வதால் கால் வீங்கும். நாளடைவில் கால் நரம்புகள் சுருண்டு புடைக்கும். அவர்கள் கேட்டது உட்கார ஓர் இருக்கை. ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் சோம்பேறி என்று நினைப்பார் என்பது கடைக்காரர் அச்சம். கேரளத்தில், கோழிக்கோடு மிட்டாய்த் தெருப் பெண் ஊழியர்கள் போராடிய பின், 2018-இல் இதற்குச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்டது. ஒரு நாற்காலிக்குச் சட்டசபை வரை போக வேண்டியிருந்தது!

கணக்குப் பார்த்தாலும் நாற்காலி மலிவுதான். புதிதாகச் சேர்ந்தவர் சேலை ரகம், விலை, மடிப்பு எல்லாம் பழக மாதக்கணக்கில் ஆகும். பழகிய ஊழியர் போனால், அவரைத் தேடி வரும் வாடிக்கையாளரும் போவார்.

தொழிலுறவுகள் சட்டத்தொகுப்பு, 2020-இன்படி, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தொழில் நிறுவனத்தில் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். நிர்வாகத்தரப்பும் தொழிலாளர்தரப்பும் அதில் சம எண்ணிக்கையில் இடம்பெறுவர். விண்ணப்பம் வந்த 30 நாளுக்குள் குழு விசாரணையை முடிக்க வேண்டும். நாள் குறித்திருப்பதே இதன் சிறப்பு.

எல்லாக் குறையையும் குழுவால் தீர்க்க முடியாது. வயதான பெற்றோர், நகரத்து வாடகை போன்ற காரணங்களால் விலகுபவர்களும் உண்டு. தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் சோகோ மென்பொருள் நிறுவனக் கிளை, வேலையையே ஊர்ப்பக்கம் கொண்டுவந்ததால், இப்பகுதியினர் வீட்டிலிருந்தே போய்வர முடிகிறது.

புளியங்குடி போன்ற ஊர்களில் பல கடைகளில் நாலைந்து பேர்தான் வேலை செய்வார்கள்; குழு வைக்கும் கடமை அவற்றுக்கு இல்லை. கல்லாவில் இருப்பவரே குறை கேட்க வேண்டும். எல்லார் முன்னிலையிலும் கேட்டால் "ஒண்ணுமில்லை அண்ணாச்சி" என்றுதான் பதில் வரும். தனியே அழைத்துக் கேட்டு, முடியும் முடியாது என்பதை ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடலாம்.