கோடை முகாமுக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில்தான் அமெரிக்கப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. அங்குள்ள சிறுவர் முகாம்களுக்கு வெளிநாட்டு இளைஞர்களையும் வழிகாட்டிகளாக அழைக்கின்றனர். 1961ஆம் ஆண்டின் கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றச் சட்டமே இதற்கு அடிப்படை.

18 வயது நிரம்பிய மாணவரோ ஆசிரியரோ ‘ஜே-1’ விசாவில் 4 மாதங்கள் வரை பணியாற்றலாம். அந்நாட்டு வெளியுறவுத் துறையின் ஒப்புதல் பெற்ற அமைப்பு நேர்காணல் நடத்தி, புறப்படுமுன்பே முகாமை உறுதிசெய்ய வேண்டும். அமெரிக்க வழிகாட்டிகளுக்கு இணையான ஊதியமும் வேண்டும். சமையலுக்கோ பாத்திரம் கழுவவோ அழைத்துச் செல்லுதல் கூடாது.

நம் கல்லூரிகள் திறக்கும் காலமும் அதுவே. ஆதலால் வகுப்பு இழப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தென்காசி நண்பர்களே, நம் சிலம்பத்தையும் கும்மியையும் கடல் கடந்து கற்பிக்கச் செல்வதை நான் வரவேற்கிறேன். ஆனால் கூலிகளாக அன்று, பண்பாட்டுத் தூதர்களாகச் செல்வோம்! விதிகளைப் படித்தறிந்த பின்னரே கையொப்பமிடுவோம்!