இன்ஜினின் சமனிலையும் பிளைவீல் மாற்றமும்

மோட்டார் வண்டியின் இன்ஜினில் உண்டாகும் ஆற்றலைச் சக்கரங்களுக்குச் செலுத்தும் கியர் அமைப்பு இருவகைப்படும். ஒன்று, ஓட்டுபவர் கிளட்சை மிதித்துத் தம் கையால் கியர் மாற்றுவது. மற்றொன்று, வேகத்திற்கும் சுமைக்கும் ஏற்பத் தானே மாறுவது. பின்னதை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 'ஹைட்ரா-மாட்டிக்' என்னும் பெயரால் 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளில் பொருத்தி விற்றனர். அமெரிக்க நாட்டில் பழைய வண்டிகளைப் பேணுவோருள் சிலர், தானியங்கிக் கியர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கைக்கியர் பெட்டியைப் பொருத்துவதுண்டு. அங்ஙனம் மாற்றியபின், முன்பு அமைதியாய் ஓடிய வண்டி சில வேளைகளில் கடுமையாக நடுங்குகின்றது. மாற்றியதோ கியர் பெட்டி, நடுங்குவதோ இன்ஜின். இதன் காரணம் யாது?

தானியங்கி அமைப்பில், கிராங்க் தண்டின் பின்முனையில் மெல்லிய எஃகுத் தகடொன்று முடுக்கப்பட்டிருக்கும். அதன் பின்னே எண்ணெய் நிறைந்த உருளைக் கலம் ஒன்று சுழலும். இதற்கு டார்க் கன்வெர்ட்டர் என்று பெயர். சிலிண்டர்களில் விட்டுவிட்டு நிகழும் வெடிப்புகளால் வேகம் ஏறியிறங்காதபடி காப்பது இக்கலத்தின் கனமேயாம். கைக்கியர் அமைப்பிலோ இவ்விரண்டும் இல்லை. அவற்றின் இடத்தில் பிளைவீல் என்னும் கனத்த இரும்புச் சக்கரம் அமைகின்றது; அதன் முகத்திலேயே கிளட்ச் தட்டு அழுந்திப் பற்றுகின்றது. ஆகவே, கியர் பெட்டியை மாற்றுவோர் கிராங்க் தண்டின் முனையில் சுழலும் பொருளையும் மாற்றியே தீரவேண்டும். நடுக்கத்தின் வித்து பெரும்பாலும் இவ்விடத்திலேயே உள்ளது.

கிராங்க் தண்டில் பிஸ்டன்களை இயக்கும் முழங்கைகள் மையத்தை விட்டு விலகி நிற்பன. நான்கு சிலிண்டர்கள் வரிசையாயமைந்த இன்ஜினில், இரண்டு முழங்கைகள் மேலே நிற்கும்போது இரண்டு கீழே நிற்பதால் சுழலும் பாரம் தனக்குத்தானே ஈடாகின்றது. எட்டு சிலிண்டர்கள் இரு வரிசையாய்ச் சாய்ந்து நிற்கும் இன்ஜினிலோ, கிராங்க் தண்டிலேயே எதிர்ப்பாரங்களை அமைத்தல் வேண்டும். அவற்றிற்கு உள்ளே போதிய இடமில்லாதவிடத்து, குறைந்த பாரத்தை வெளியே, முன்முனையிலுள்ள அதிர்வுதாங்கிச் சக்கரத்திலும் பின்முனையிலுள்ள தகட்டிலோ பிளைவீலிலோ ஒருபுறமாக வைத்துவிடுவர். முன்னதை உட்சமனிலை என்றும், பின்னதைப் புறச்சமனிலை என்றும் கூறலாம்.

ஃபோர்டு நிறுவனத்தாரின் 302 கன அங்குல இன்ஜின் புறச்சமனிலைக்குத் தக்க சான்றாகும். 1968இல் வெளிவந்த இதற்கு முதலில் 28 அவுன்ஸ்-அங்குல எதிர்ப்பாரம் வேண்டியிருந்தது. அஃதாவது, மையத்திலிருந்து ஓரங்குலத் தொலைவில் 28 அவுன்ஸ் எடையை வைத்தாற்போன்றது. 1980களின் தொடக்கத்தில் கிராங்க் தண்டின் அமைப்பு மாறவே, அது 50 அவுன்ஸ்-அங்குலமாயிற்று. பார்வைக்கு இரண்டு பிளைவீல்களும் ஏறத்தாழ ஒன்றே. பூட்டினால் இரண்டும் பொருந்தும்.

பிந்திய இன்ஜினில் முந்திய பிளைவீலைப் பூட்டினால் 22 அவுன்ஸ்-அங்குலம் ஈடுபடாமல் நிற்கும். அற்பமாய்த் தோன்றும் இவ்வேறுபாட்டை, மாணவர்கள் வகுப்பில் கற்கும் சுழற்சி விதியால் அளந்து பார்க்கலாம். வேகம் இரட்டித்தால் வெளித்தள்ளும் விசை நான்கு மடங்காகும். நிமிடத்திற்கு 1,500 சுற்றில் அவ்விசை ஏறக்குறைய 88 இறாத்தல். 3,000 சுற்றில் 350 இறாத்தல். 6,000 சுற்றில் 1,400 இறாத்தல். ஒவ்வொரு சுற்றிலும் திசைமாறி இழுக்கும் இவ்விசையால் பேரிங்குகள் தேயும், திருகாணிகள் தளரும், நாளடைவில் கிராங்க் தண்டே வெடிப்புற்று முறியவும் கூடும்.

ஈண்டு ஓர் உண்மையை ஊன்றி நோக்குதல் வேண்டும். தன்னளவில் முற்றும் சமனான பிளைவீல், புறச்சமனிலை வேண்டும் இன்ஜினுக்குக் கேடே செய்யும். ஒருபுறம் மிகுபாரம் ஒட்டியிருப்பதைக் கண்டு, அதனைக் குறையென்றெண்ணி அராவியெடுப்போர் நன்மை செய்வதாக நினைத்துத் தீமையே செய்கின்றனர். ஓர் உறுப்பு நல்லதோ தீயதோ என்பதை, அது சேரவேண்டிய பொருளோடு சேர்த்தே துணியவேண்டும்.

நிற்க. நடுக்கமெல்லாம் பிளைவீலால் வருவதன்று. வண்டியை நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்து, இன்ஜின் வேகத்தை மெல்ல ஏற்றுக. நடுக்கமும் உடன் வளர்ந்தால், பிளைவீலையோ கிளட்சின் அழுத்துத் தட்டையோ ஐயுறலாம். கிளட்சை மிதித்தவுடன் அது நீங்கினால், கிளட்ச் தட்டிலோ கியர் பெட்டியிலோ பிழையுண்டு. வண்டி ஓடும்போது மட்டும், எந்தக் கியரிலும் ஒரே சாலை வேகத்தில் தோன்றுமாயின், கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் நீண்ட தண்டையும் சக்கரங்களையும் சோதித்தல் வேண்டும். புதிய பெட்டியின் நீளம் வேறுபடுவதால் அத்தண்டின் நீளமும் சாய்வும் மாறிவிடுதல் இயல்பே. எண்ணெய்க் கலம் தாங்கிவந்த வெடிப்பதிர்ச்சிகள் இப்பொழுது நேரே கியர் பெட்டியை அடைவதால் எழும் சிறு அதிர்வும் உண்டு. அதனைத் தணிக்கவே கிளட்ச் தட்டின் நடுவில் சுருள்விற்கள் வைக்கப்படுகின்றன.

ஆகவே, மாற்றத்தில் இறங்குவோர் இன்ஜினின் அளவையும் ஆண்டையும் மட்டும் நம்பலாகாது. முன்னரே ஒருவர் கிராங்க் தண்டை மாற்றியிருத்தல் கூடும். கழற்றிய பழைய தகட்டை எறிந்துவிடாமல், புதிய பிளைவீலோடு பட்டறைக்குக் கொண்டுசென்று, பழையதன் எதிர்ப்பாரம் எத்துணை, எப்புறம் என்றளந்து புதியதை அதற்கு ஒப்பச் சமன்செய்வித்தல் வேண்டும். இச்சிறு வேலைக்குச் சோம்பி, விலையுயர்ந்த இன்ஜினை இழத்தல் அறிவுடைமையாகாது.