மலை ஏறும் ஜீப் கொதிப்பது ஏன்? கொதித்தால் என்ன செய்வது?



நம்ம பள்ளிக்கூடத்தில் நிறையப் பேர் வீட்டில் யாராவது ஒருத்தர் மலைக்கு வேலைக்குப் போகிறவர்தான். விடிவதற்கு முன்னாலேயே தூக்குச்சட்டியோடு ஜீப்பில் ஏறி, முந்தல் தாண்டி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தம்பாறை பக்கம் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். எங்க அம்மாவும் அப்படித்தான் போறாங்க. எங்க மாமா ஜீப் ஓட்டுகிறார். "வண்டி கொதிச்சிருச்சு, அதான் லேட்டு" என்ற பேச்சை நாம் எல்லோருமே கேட்டிருப்போம். வண்டி எதுக்குக் கொதிக்குது? மாமாவிடம் கேட்டதையும், அறிவியல் பாடத்தில் படித்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

சூடு எங்கிருந்து வருகிறது?

நம்ம பக்கம் ஓடும் பழைய ஜீப்புக்குப் பாட்டன், இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் 1941-ல் செய்த வில்லிஸ் ஜீப். 1940-களின் கடைசியில் மகிந்திரா கம்பெனி அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. இன்ஜின் மாறிவிட்டாலும், அதைக் குளிர வைக்கும் முறை இன்றைக்கும் ஏறக்குறைய அதேதான்.

இன்ஜினுக்குள் டீசல் எரியும்போது வரும் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்குப் போகிறது. ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விடும். மீதி ஒரு பங்கு சூடு இன்ஜின் இரும்பிலேயே தங்கும். அந்தச் சூட்டை எடுக்கத்தான் தண்ணீர். வாட்டர் பம்ப் தண்ணீரை இன்ஜினைச் சுற்றி ஓட விடும். சூடான தண்ணீர் முன்பக்கம் இருக்கும் ரேடியேட்டருக்கு வரும். அங்கே மெல்லிய குழாய்கள் வழியாக இறங்கும்போது பேன் இழுக்கும் காற்று பட்டு ஆறும். ஆறிய தண்ணீர் மறுபடி இன்ஜினுக்குப் போகும். இந்தச் சுற்று எங்கே தடைப்பட்டாலும் வண்டி கொதிக்கும்.

மலையில் மட்டும் ஏன் அதிகம்?

போடியிலிருந்து போடிமெட்டு சுமார் 25 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறோம். 17 கொண்டை ஊசி வளைவுகள். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் இன்ஜின் உறுமிக்கொண்டு வேலை செய்கிறது, ஆனால் வண்டி மெதுவாகத்தான் போகிறது. சமவெளியில் வேகமாகப் போகும்போது முகத்தில் அடிக்கும் காற்று இங்கே ரேடியேட்டருக்குக் கிடைக்காது. பேன் காற்று மட்டும்தான். கொள்ளாத அளவுக்கு ஆள் ஏற்றினால் சூடு இன்னும் ஏறும்.

குக்கரும் ரேடியேட்டர் மூடியும்

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால், போடிமெட்டு உயரத்தில் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதைத் தடுக்கத்தான் ரேடியேட்டருக்கு ஸ்பிரிங் வைத்த மூடி. குக்கர் மாதிரியேதான். உள்ளே அழுத்தம் ஏறினால் தண்ணீர் லேசில் கொதிக்காது. 7 பவுண்டு மூடி நல்லபடியாக இருந்தால் 110 டிகிரிக்குப் பக்கத்தில் போனால்தான் கொதிக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் 105 டிகிரியில் இருக்கிறது. யாரோ அவசரப்பட்டு மூடியைத் திறக்கிறார். அழுத்தம் போய்விடுகிறது. அந்த நொடியே தண்ணீருக்கு எல்லை 95 டிகிரி ஆகிவிடுகிறது. அவ்வளவுதான், தண்ணீரில் ஒரு பகுதி ஒரேயடியாக ஆவியாகி, மிச்சத் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு ஆள் உயரத்துக்குப் பீச்சி அடிக்கும். எங்க தெருவில் ஒரு அண்ணனுக்குக் கழுத்திலிருந்து முழங்கை வரை வெந்து போனது இப்படித்தான். ஆவி போகாத குக்கரை நம்ம அம்மா திறப்பாங்களா? அதே சட்டம்தான் இங்கேயும்.

வழியில் கொதித்தால் செய்ய வேண்டியவை

1. சூட்டு முள் மேலே ஏற ஆரம்பித்ததுமே வளைவு இல்லாத அகலமான இடம் பார்த்து நிறுத்த வேண்டும். ஆவி வந்துவிட்டால் உடனே இன்ஜினை அணைக்க வேண்டும்.

2. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். எல்லோரும் பள்ளத்துப் பக்கம் நிற்காமல் மலைப் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும்.

3. பானெட்டைத் திறந்து வைக்கலாம். ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. குறைந்தது அரை மணி நேரம் ஆற விட வேண்டும்.

4. கை வைத்தால் தாங்குகிற சூடு வந்ததும், ஈரச்சாக்கை மடித்து மூடி மேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு முதலில் கொஞ்சம் மட்டும் திருக வேண்டும். 'உஸ்' சத்தம் முழுவதும் நின்ற பிறகு திறக்கலாம்.

5. கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. சுடு விளக்குக் கண்ணாடியில் தண்ணீர் தெளித்தால் படார் என்று வெடிக்கும் அல்லவா? இரும்பும் அப்படி விரிசல் விடும். ஆறிய பிறகு இன்ஜினை ஓட விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிட்டதா?

இல்லை. தண்ணீர் எங்கே போனது, சூடு ஏன் ஏறியது என்று பார்க்காவிட்டால் நாளைக்கும் அதே வளைவில் நிற்கும்.

பேன் பெல்ட்: கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவு உள்ளே போகலாம். அதிகம் தொங்கினால் பேனும் பம்பும் சரியாகச் சுற்றாது.

ஹோஸ் பைப்: வெடிப்பு, கிளிப் பக்கம் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ரேடியேட்டர்: வெளியே சேறும் பூச்சியும் அடைத்திருந்தால் காற்று புகாது. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரித் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். உள்ளே அடைப்பு வருவது உப்புத் தண்ணீரால். வெந்நீர் அண்டாவில் வெள்ளையாகப் படியுமே, அதேதான் அந்த மெல்லிய குழாய்களிலும் படியும். நல்ல தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றினால் துருவும் குறையும், கொதிநிலையும் கூடும். ஆனால் கூலன்ட் இனிப்பாக இருக்கும் விஷம். குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் வால்வு: தண்ணீர் சுமார் 80 டிகிரிக்கு மேல் போனால் இது தானாகத் திறந்து ரேடியேட்டருக்கு வழி விடும். கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தால் திறக்கிறதா என்று தெரிந்துவிடும். திறக்காவிட்டால் புதிது போட வேண்டும். சிலர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட்டுவார்கள். அப்போது இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராமல் டீசலை அதிகம் குடிக்கும்.

ஹெட் கேஸ்கெட்: இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீரில் விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தாலோ, இது போய்விட்டது என்று சந்தேகப்படலாம். மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

சுட்டுவிட்டால்

ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். மாவு, இங்க், பேஸ்ட் எதுவும் தடவக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று

மூடியை அவசரமாகத் திறப்பது டிரைவர் தப்பு மட்டும் இல்லை. "நேரமாச்சு, கூலியப் பிடிச்சுருவாங்க, சீக்கிரம் எடுங்க" என்று வண்டியில் இருப்பவர்கள் நெருக்குவார்கள். அவங்க பயமும் நியாயம்தான். ஆனால் அரை மணி நேரம் போனால் ஒருநாள் கூலியில் கொஞ்சம் குறையலாம். முகம் வெந்தால் எத்தனை நாள் கூலி போகும்? இன்று இரவு சாப்பிடும்போது உங்கள் வீட்டில் மலைக்குப் போகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். பதறாத காரியம் சிதறாது!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி