புற்றுநோயும் பொய் நாணமும்

புற்றுநோய் என்ற சொல்லை வாய்விட்டு உரைப்பதற்கே நம்மில் பலர் அஞ்சுகின்றனர். வீட்டில் ஒருவருக்கு அந்நோய் கண்டால், அதை அயலார் அறியாது மறைப்பதே குடும்ப கௌரவத்தைக் காக்கும் வழியென்று கருதுகின்றனர். இம்மறைவு விளைக்கும் தீங்கு நோயின் தீங்கினும் சிறியதன்று என்பது நமது அபிப்பிராயம்.

கர்ப்பப்பை வாயில் தோன்றும் புற்றை எடுத்துக்கொள்வோம். பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்கிருமியே இதற்கு மூலகாரணம். கிருமி புகுந்தபின் புற்று முதிர்வதற்குப் பல ஆண்டுகள் செல்லும். அதற்குள் கண்டுகொண்டால் எளிதில் களையலாம். திண்டுக்கல் ஜில்லாவின் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி இதனை ஐயமற நிலைநாட்டிற்று. பயிற்சி பெற்ற தாதிமார், நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெறுங்கண்ணால் பார்த்தே நோயின் முற்குறியை அறிந்தனர். சோதனை நடந்த கிராமங்களில் இந்நோயால் நேரும் மரணம், நடவாத கிராமங்களைவிட நூற்றுக்கு 35 பங்கு குறைந்ததென்று 2007-ல் வெளிவந்த முடிவு கூறுகிறது. ஆயினும், அழைக்கப்பட்ட ஸ்திரீகளில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் சோதனைக்கு வரவில்லை!

ஸ்திரீகள் இவ்வாறு பின்வாங்குவதற்குக் காரணங்களைத் தேடி வெகுதூரம் செல்லவேண்டுவதில்லை. நாணம், அச்சம், ஓயாத வீட்டு வேலை, கணவன் என்ன சொல்வானோ என்ற தயக்கம் ஆகியவை நம் இல்லங்களிலேயே குடியிருக்கின்றன. ஆடவர் நிலையும் மேலானதன்று. வாய்ப்புற்றை விளைக்கும் புகையிலையைத் தாம்பூலத்தட்டில் வைத்து உபசாரமென்று நீட்டுகிறோம். வாயில் ஆறாத புண் கண்டாலோ, வைத்தியரிடம் செல்லாமல் மாதக்கணக்கில் காலங்கடத்துகிறோம்.

நோயுற்றபின் நாம் இழைக்கும் அநீதி இன்னும் பெரிது. புற்றுநோய் தொட்டால் ஒட்டுவதன்று. ஆயினும் நோயாளியின் தட்டையும் தம்ளரையும் பிரித்து வைக்கிறோம். கர்மவினை என்கிறோம்; மனக்கவலையால் தானே தேடிக்கொண்ட வியாதி என்கிறோம். கவலை புற்றை உண்டாக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆனால் ஆதரவற்ற நோயாளி மனமுடைந்து சிகிச்சையைப் பாதியில் கைவிடுவது கண்கூடு. அருகிருந்து கேட்கும் ஒரு செவி மருந்துக்கு ஈடாகாது. மருந்தை இறுதிவரை உட்கொள்ளும் திடத்தை அதுவே தரும்.

1923-ல் தம் சகோதரியை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, துயரத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. ஊரறியப் பேசினார், பொருள் திரட்டினார். 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது.

தேசத்தொண்டர்களுக்கு நாம் கூறுவது இதுவே. கூட்டந்தோறும் இந்நோயின் பெயரைத் தயங்காது சொல்லுங்கள். அதற்குமுன், உங்கள் தாயையும் மனைவியையும் சகோதரியையும் நீங்களே சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் செய்யத் துணியாததை மேடையில் போதிப்பதால் பயனில்லை.