இரு வழிகளுக்கு நடுவே ஒரு வீரன்

வீரன் என்றதும் போர்க்களமே நம் நினைவுக்கு வருகின்றது. கிரேக்கப் புராணம் போற்றும் ஹெர்குலிஸ் சிங்கத்தின் கழுத்தை நெரித்தவன். பல தலை நாகத்தை வென்றவன். அவன் வரலாற்றை ஸ்பெயின் ஓவியர் சுர்பரான் 1634-இல் அரசர் நான்காம் பிலிப்பின் மாளிகைக்கெனப் பத்துப் படங்களாகத் தீட்டினார். ஆயினும், அவன் எவரோடும் பொருதாமல் அமர்ந்திருக்கும் வேறொரு படத்தையே இங்கு நாம் காண விழைகின்றோம்.

பரோக் கலைக்கு வழி திறந்தோருள் ஒருவரான அன்னிபாலே கராச்சி 1596 அளவில் அதனை வரைந்தார். புரோதிக்குஸ் என்னும் அறிஞர் கூறியதாகச் செனபோன் எழுதிவைத்த கதை அது. இளைஞனான ஹெர்குலிஸ், எவ்வாறு வாழ்வது எனத் தனியே சிந்தித்திருக்கையில் இரு பெண்கள் அவன்முன் தோன்றினர். ஒருத்தி நல்லொழுக்கம், மற்றவள் சிற்றின்பம்.

படத்தில் நல்லொழுக்கம் கரடுமுரடான மலைப்பாதையைச் சுட்டுகின்றாள். அதன் உச்சியில் சிறகுள்ள குதிரை நிற்கின்றது. மெல்லாடை அணிந்த சிற்றின்பத்தின் அருகே இசைக்கருவிகளும், சீட்டுகளும், நாடக முகமூடிகளும் கிடக்கின்றன. நடுவில் வீரன் அமர்ந்திருக்கின்றான். அவனுடைய தோள்வலிமையும் கதாயுதமும் இங்கு அவனுக்கு உதவா. முடிவு அவன் உள்ளத்தில்தான் பிறக்கவேண்டும்.

இப்படம் எவருடைய அறைக்காக வரையப்பட்டது? உரோமையில் பர்னேசே மாளிகையில் வாழ்ந்த கர்தினால் ஒதொவார்தோ பர்னேசேயின் தனியறைக் கூரையை அது அணிசெய்தது. அவர் 17 வயதிலேயே கர்தினாலானவர். அப்போது வயது 22 அளவே. செல்வமும் பதவியும் இளமையும் ஒருங்கே பெற்ற அவர், அண்ணாந்து பார்த்தபோதெல்லாம் அக்கேள்வியைச் சந்தித்தார். புறவினத்தாரின் கதையாயினும், அதிலுள்ள நற்போதனையைத் திருச்சபையின் மக்கள் ஒதுக்கிவிடவில்லை. இன்று அப்படம் நேப்பிள்ஸ் நகரின் கப்போதிமோந்தே அருங்காட்சியகத்தில் உள்ளது.

நல்வழியைத் தெரிந்தெடுத்தபின் துன்பம் நீங்கிவிடுமா? ரூபென்ஸ் தீட்டிய புரொமேத்தேயுவைப் பாருங்கள். மனிதருக்கு நெருப்பைக் கொணர்ந்தமைக்காகப் பாறையில் விலங்கிடப்பட்டுத் தலைகீழாய்ச் சாய்ந்து கிடக்கின்றான். கழுகு அவன் ஈரலைக் கொத்துகின்றது. கழுகை வரைந்தவர் ரூபென்சின் நண்பர் சினைடர்ஸ். படத்தின் ஓரத்தில் தீப்பந்தம் இன்னும் எரிகின்றது. பிறர்க்கு அளித்த ஒளி அணையவில்லை.

நம் இல்லங்களிலும் பிள்ளைகள் வழி தெரிந்தெடுக்கும் வயதில் நிற்கின்றனர். மலைப்பாதை எளிதென்று அவர்களுக்குப் பொய் சொல்லவேண்டாம். அது கடினமானது என்பதையும், ஏறத் தக்கது என்பதையும் சேர்த்தே சொல்லுவோம்.